ஏகாம்பரமும் நாலாவது அடுக்கும்

காட்பாடி

அன்புள்ள சம்பந்தம்,

பொங்கல் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று முறைக்காதே. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் ஏமாற்றிவிட்டது.

விஷயம் ஏகாம்பரத்தைப் பற்றி. ராத்திரி பதினோரு மணிக்கு பிரியாணி தின்றுவிட்டு நெஞ்செரிச்சல் என்று, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பிக்குப் போனான். உணவுக்குழாயின் கீழ்ப்பாதியில் ஒரு மேடு இருக்கிறதாம். போன இடத்தில் சும்மா விட்டார்களா, ஒரு துண்டு கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். கோளாறு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. 'ஆனா கட்டி இருக்கே, உறுதியா சொல்ல முடியாது' என்று கையை விரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், அவன் தெருவே அவனுக்குக் காரியம் செய்துவிட்டது. தணிகாசலம் அண்ணன் வீட்டுப் பத்திரம் யார் பேரில் என்று விசாரிக்கிறார்!

அப்புறம் வேலூரில் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவருக்குக் கோபம். மேல் தோல் வழவழப்பாக, புண் இல்லாமல் இருந்தால் கட்டி அதற்கு அடியில் இருக்கிறது என்று அர்த்தமாம். கிள்ளினால் தோல்தான் வரும். பின்னால் ஆபரேஷன் என்று வந்தால் அந்தத் தழும்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோல் கிழியவும் கூடும். இல்லாவிட்டால் பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவது போல எடுத்துவிடலாமாம்.

அவர் எழுதிக்கொடுத்தது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். அதே குழாய்தான், நுனியில் குட்டி ஸ்கேன் கருவி. வெறும் வயிறு, தொண்டைக்கு மரத்துப்போகிற ஸ்ப்ரே, தூக்க ஊசி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கை. வெளியே வந்ததும் நம்மாள் கேட்ட முதல் கேள்வி: 'இன்னாப்பா, டீ குடிக்கலாமா?'

படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். உணவுக்குழாயின் சுவர் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்து அடுக்காகத் தெரிகிறது. சி.டி. ஸ்கேனில் இப்படிப் பிரிந்து தெரியாதாம். உள்ளேயிருந்து நாலாவது தசை. ஏகாம்பரத்தின் கட்டி அதிலிருந்துதான் கிளம்பியிருந்தது. 2 சென்டிமீட்டர், ஒரே சீரான மங்கல் கறுப்பு, ஓரம் கோடு போட்டது போலச் சுத்தம், பக்கத்தில் நெறிகட்டி எதுவும் இல்லை. லியோமயோமா, அதாவது தசையில் வளர்கிற கட்டி. உணவுக்குழாயில் வரும் சாதுக் கட்டிகளில் இதுதான் அதிகம், புற்றாக மாறுவது மிகமிக அபூர்வம். மூன்றாவது அடுக்கில் வெள்ளையாக இருந்தால் கொழுப்புக் கட்டி, உள்ளே மங்கலே இல்லாமல் முழுக்க மைக்கறுப்பாக இருந்தால் நீர்க்கட்டி என்று பாடமே எடுத்தார். சந்தேகமாக இருந்தால் மட்டும் அந்தக் குழாய் வழியாகவே ஊசி போட்டுச் சதை எடுப்பார்களாம். இவனுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்த்தால் போதும், தொந்தரவு கொடுத்தாலோ வளர்ந்தாலோ ஆபரேஷன். தணிகாசலம் அண்ணனுக்குத்தான் ஏமாற்றம்.

சம்பந்தம், இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன வருஷம் உன் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டிலும் 'மேடு' என்று ஒரு வரி இருந்ததே, 'வாயுவா இருக்கும்' என்று பீரோவில் வைத்துப் பூட்டினாயே? அது கட்டியாகவே இல்லாமலும் இருக்கலாம். பக்கத்தில் ஓடும் பெருந்தமனி வெளியிலிருந்து அழுத்தினாலும் உள்ளே அப்படித்தான் புடைத்துத் தெரியுமாம், இந்த ஸ்கேனில் அதுவும் பிடிபடும். வேறு ஏதாவதாக இருந்தாலும் இப்போதே தெரியட்டும். மேல் தோல் வழவழப்பாக இருந்தால், இந்த ஸ்கேன் பார்க்கிறதுக்கு முன்னால் யாரையும் கிள்ள விடாதே. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் ரயில் ஏறு. ஸ்டேஷனுக்கு ஏகாம்பரம் வண்டி கொண்டு வருகிறான், உன் வீட்டுக்காரியிடமும் சொல்லியாகிவிட்டது.

உன்,
வேலாயுதம்