காற்றாடிமலையில் காத்திருக்கும் பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டிகளிலும் பரிசுகள் வந்தன, கலைவிழாவும் சிறப்பாக நடந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்களை இந்த வாரமே கொடுத்தனுப்புகிறோம்.

அப்புறம், காற்றாடிமலை பற்றி உங்களிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

பள்ளி 4:10-க்கு விடுகிறது. வேலை முடிந்து வர நேரமாகும் என்பதால், "மலையடிவாரத்துல நில்லு, வந்து கூட்டிக்கிறேன்" என்று சிலர் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நாலு பேர் வந்து ஜெபிக்கிற இடம், பயமில்லை என்று நினைத்திருப்பீர்கள். அது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் ஆறு, ஆறரை வரை அங்கேயே நிற்கிறார்கள்.

வெளியூரிலிருந்து ஆரல்வாய்மொழிக்குக் குடிவந்த குடும்பங்களும் நம்மிடம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராகி, தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையுமாக மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்றது இந்த மலையில்தான். அப்போது ஒரு பாறை பெயர்ந்து விழுந்து மணிபோல ஒலித்தது என்பது நம் ஊர் நம்பிக்கை. 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபின் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் அந்தப் பாறையைச் சின்னக் கல்லால் மெல்லத் தட்டி, காது கொடுத்துக் கேட்பார்கள்.

நம் பிள்ளைகளோ கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி ஓங்கி அடிக்கிறார்கள். யார் அடிக்கும் சத்தம் பெரிது என்று போட்டி வேறு. அதை ரீல்ஸ் எடுக்கப் போனும் கையில் இருக்கிறது. போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பாறையில் காம்பஸ் முனையால் புதிதாகக் கீறிய எழுத்துகள் வெள்ளையாகத் தெரிகின்றன: இரண்டு பெயர், கூடவே வகுப்பும் பிரிவும். முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, சத்தம் தாங்காமல் பாதியில் எழுந்து போனார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி, இதை இனி அனுமதிக்க முடியாது. திங்கள் முதல், கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகள் பள்ளி நூலகத்தில்தான் இருப்பார்கள். 5:30-க்குள் வந்து கையெழுத்திட்டு அழைத்துச் செல்லுங்கள். பாறையில் பெயர் கீறியவர்கள் பெற்றோருடன் போய், அங்கே பொறுப்பில் இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். போன் பள்ளிக்கு வரவே கூடாது.

மலைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பமாகக் கூட்டிப்போங்கள், அந்தக் கதையைச் சொல்லுங்கள். வரும் மாதம் ஒன்பதாம் வகுப்பை நாங்களே அழைத்துப்போகிறோம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தங்கள் வண்டியில் ஏற்றிப்போகிற பெற்றோர்களுக்கும், இத்தனை நாளும் முகம் சுளிக்காமல் நம் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த திருத்தலத்தாருக்கும் மனமார்ந்த நன்றி. கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்