கோடு போடறதுக்கு முன்னாடி வேகத்தைக் குறைங்க: சைக்கிள் லேன் சண்டை பத்தி ஒரு திறந்த மடல்

நகராட்சி போக்குவரத்துப் பிரிவு அதிகாரிகளுக்கும், எங்க தெருவுல சைக்கிள் லேன் வேணும்னு ஒரு பக்கமும் வேணவே வேணாம்னு இன்னொரு பக்கமும் நிக்கிற அக்கம்பக்கத்துக்காரங்களுக்கும்,

வணக்கம். நான் தினமும் சைக்கிள் ஓட்டுற ஆளு, வீட்டுல காரும் இருக்கு, அது ராத்திரி தெரு ஓரமாத்தான் நிக்குது, அதனால ரெண்டு கோஷ்டியுமே என்னைச் சந்தேகமாத்தான் பாக்கும், பரவால்ல. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நீங்க எல்லாரும் ரோட்டுல அடிக்கற லேன் பெயிண்டுக்கும் பார்க்கிங்குக்கும் மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க, ஆனா இந்த மாதிரி வீடுங்க மட்டும் இருக்குற தெருவுல சைக்கிள்காரனுக்கு ஆபத்து வர்றது கோடு இல்லாததால இல்ல, இங்க குடியில்லாதவங்க மெயின் ரோடு சிக்னல்ல நிக்கப் பொறுமை இல்லாம இதுக்குள்ள பூந்து 50ல பறக்கறதால. அதை நிறுத்துனா எங்க தெருவுக்கு லேனே வேண்டாம். லேன் வேண்டியது மெயின் ரோட்டுல.

முதல்ல அளவைப் பாப்போம், ஏன்னா இந்தச் சண்டைல யாருமே டேப்பை எடுத்து அளந்த மாதிரி தெரியல. 9 மீட்டர் அகலத் தெருன்னு வெச்சுக்குவோம். ரெண்டு ஓரத்துலயும் கார் நின்னா ஆளுக்கு 2 மீட்டர், 4 போச்சு. ஒத்தை சைக்கிள் லேனுக்குக் குறைஞ்சது ஒன்றரை மீட்டர் வேணும், ரெண்டு பக்கமும் போட்டா 3 போச்சு. மிச்சம் 2 மீட்டர். ஒரு கார் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போகலாம், எதிர்ல இன்னொண்ணு வந்தா அவ்வளவுதான். அதனால ஒரு ஓரத்துப் பார்க்கிங்கை எடுத்துடலாம்னு நகராட்சி பிளான்ல போட்டிருக்கு, அங்கதான் சண்டை ஆரம்பிச்சுது, சரி. ஆனா அந்தப் பிளான்லயும் மிச்சம் இருக்குற பக்கத்துல சைக்கிள் லேன் நிறுத்தின காரை ஒட்டித்தான் போகுது. கார் கதவை முழுசாத் தொறந்தா ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளிய வரும். ஒன்றரை மீட்டர் லேன்ல ஒரு மீட்டர் கதவுக்கே போயிடுச்சுன்னா, கோட்டுக்குள்ள ஒழுங்காப் போற ஆளுதான் கதவுல போய் மோதுவான், இல்லன்னா அதைத் தவிர்க்க சடார்னு ஒடிச்சுப் பின்னாடி வர்ற வண்டி முன்னாடி விழுவான். அனுபவப்பட்ட சைக்கிள்காரங்க இந்தக் கோட்டுக்கு வெளியத்தான் ஓட்டுவாங்க, அதைப் பாத்து கார்க்காரர் "உனக்குத்தான் லேன் போட்டாச்சே, அங்க போயேன்"னு ஹாரன் அடிப்பாரு. அந்தப் பெயிண்டால கெடைக்கப்போறது இதுதான்.

ரெண்டு திசை லேனையும் ஒரே ஓரத்துல சேத்துப் போடலாம்னு இன்னொரு யோசனையும் ஓடுது. பார்க் ஓரமாவோ கால்வாய் ஓரமாவோ இருந்தா அருமையான யோசனை. வீட்டுக்கு வீடு கேட் இருக்குற தெருவுல வேண்டாம். கேட்டுலருந்து காரை வெளிய எடுக்கறவர் வண்டி எந்தப் பக்கத்துலருந்து வரும்னு பழகியிருக்காரோ அந்தப் பக்கம்தான் பாப்பாரு, எதிர்த்திசைலருந்து ஸ்கூல் பையன் சைக்கிள்ல வருவான்னு அவர் மண்டைல இருக்காது. அவர் கெட்டவர்னு சொல்லல, கண்ணு பழகுன விதம் அப்படி.

இப்ப வேகத்துக்கு வர்றேன். 30ல போற கார் முன்னாடி ஒரு குழந்தை ஓடி வருதுன்னு வைங்க, டிரைவர் பாத்து காலை பிரேக்ல வைக்க ஒரு செகண்ட் ஆகும், அதுக்குள்ள கார் 8 மீட்டர் வந்துடும், அப்புறம் பிரேக் பிடிச்சு காஞ்ச ரோட்டுல மொத்தம் சுமார் 13 மீட்டர்ல நின்னுடும். அதே கார் 50ல வந்தா அந்த முதல் ஒரு செகண்ட்லயே கிட்டத்தட்ட 14 மீட்டர் வந்திருக்கும். அதாவது 30ல வந்த வண்டி நின்னே போன இடத்தை 50ல வர்ற வண்டி பிரேக்கே பிடிக்காம முழு வேகத்துல தாண்டிட்டு இருக்கும். இடிக்கிற சக்தியும் வேகத்தோட வர்க்கத்துக்குத் தகுந்த மாதிரி ஏறும், 50ல இடிச்சா 30ல இடிக்கிறதைவிட கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு வைங்க, கணக்குப் போட்டா 2.8 வருது. சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினா உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் ஏறும்னு உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்கு. நடக்கறவங்க, சைக்கிள்காரங்க, வண்டிங்க எல்லாம் கலந்து போற இடத்துல 30க்கு மேல வேண்டாம்னு 2020ல ஸ்டாக்ஹோம்ல நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டு அறிக்கைலயே வந்தாச்சு. ஸ்பெயின்ல 2021 மே மாசத்துலருந்து ஊருக்குள்ள திசைக்கு ஒரு லேன் இருக்குற ரோடு எல்லாத்துக்கும் 30தான்.

இதனால கார்க்காரருக்கு எவ்வளவு நஷ்டம்? தெரு அரை கிலோமீட்டர் நீளம்னா, 50ல போனா 36 செகண்ட், 30ல போனா ஒரு நிமிஷம். வித்தியாசம் 24 செகண்ட். இதுக்குத்தான் இவ்வளவு கோபம்.

"30"னு ஒரு போர்டு நட்டுட்டுப் போயிடாதீங்க, தயவுசெஞ்சு. போர்டை யாரும் படிக்கறதில்ல. ரோடே மெதுவாப் போக வைக்கணும். தெருமுனைல ரோட்டை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கறது, நடுநடுல அகலத்தைக் குறைக்கறது, நேர் கோடா இல்லாம லேசா வளைச்சு விடறது. ஸ்பீட் பிரேக்கர் போட்டீங்கன்னா சைக்கிளுக்கு ஓரத்துல சமமா இடைவெளி விடுங்க, முதுகுவலி எங்களுக்கும் இருக்கு. துண்டு துண்டா போடற மேடுன்னு ஒரு வகை இருக்கு, தீயணைப்பு வண்டிக்கு சக்கரங்களுக்கு நடுவுல அகலம் அதிகம், அது மேட்டுல ஏறாம ரெண்டு பக்கமும் கால் வெச்ச மாதிரி தாண்டிடும், கார் மட்டும் மாட்டிக்கும்.

ஆனா வேகத்தைவிடப் பெரிய விஷயம் அந்த ஷார்ட்கட்தான். தெருவோட ஏதாவது ஒரு இடத்துல குறுக்க நாலு தூணோ ரெண்டு பெரிய செடித்தொட்டியோ வெச்சா நடக்கறவங்களும் சைக்கிளும் வீல்சேரும் போகலாம், கார் போக முடியாது. எந்த வீட்டுக்கும் கார்ல வரலாம், தெருவோட இந்த முனைல நுழைஞ்சு அந்த முனை வழியா மட்டும் வெளிய போக முடியாது, அவ்வளவுதான். பார்க்கிங் ஒண்ணுகூடப் போகாது! இதைச் சொன்னப்ப லேன் எதிர்ப்பு அண்ணன் ஒருத்தர் முகம் மாறினதைப் பாத்தேன். இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல. நெதர்லாந்துல குரோனிங்கன் நகரத்துல 1977லயே நகர மையத்தை நாலா பிரிச்சு, ஒரு பகுதிலருந்து இன்னொண்ணுக்கு கார் நேரா போக முடியாது, வெளிய போய் வளையச் சாலையைச் சுத்தித்தான் வரணும்னு பண்ணிட்டாங்க, சைக்கிள் மட்டும் நேரா போகலாம். கடைக்காரங்க கடுமையா எதிர்த்தாங்க. அதே நாட்டுல 1971ல மட்டும் ரோடு விபத்துல 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400க்கும் மேல குழந்தைங்க, பெத்தவங்க தெருவுல இறங்கிப் போராடித்தான் எல்லாமே மாற ஆரம்பிச்சுது. சைக்கிள் நாடுன்னு நாம காட்டுற படத்துல இருக்குற அகலமான லேன் எல்லாம் பெரும்பாலும் வேகமான ரோட்டு ஓரத்துல இருக்கறது, அவங்க வீட்டுத் தெருவுல பாத்தா பெரும்பாலும் லேனே இருக்காது, காரும் சைக்கிளும் ஒண்ணாத்தான் மெதுவாப் போகும்.

லேன் வேண்டாம்ங்கற அக்கா அண்ணன்மாருக்கு ரெண்டு வார்த்தை. ஆம்புலன்ஸ் எப்படி வரும்னு கேக்கறீங்க, நியாயமான கேள்வி, அதனால தூணைப் பூட்டு போட்டு மடக்கற மாதிரி வைக்கலாம், இல்ல தூணே இல்லாம, தாண்டிப் போற காரைப் பிடிக்கற கேமரா வைக்கலாம், எதுன்னாலும் தீயணைப்புக்காரங்களைக் கேட்டுட்டுச் செய்யணும். ஆனா இன்னைக்கு தெருமுனைல திரும்ப விடாம நிக்கறது எது? நம்ம கார்தான். முனைலருந்து ஒரு 6 மீட்டருக்கு யாரும் நிறுத்தாம இருந்தாலே பெரிய வண்டி திரும்பும், ரோடு தாண்டற ஆளும் கண்ணுக்குத் தெரிவான். அப்புறம் "என் வீட்டு வாசல், என் பார்க்கிங்"னு பேசறதை விட்டுடலாம், கேட்டுக்கு வெளிய இருக்கறது பொது ரோடு. நடக்க முடியாதவங்க வாசல்லயே இறங்கணும்னு கேட்டா அது வேற, அந்த இடத்தைத் தனியா ஒதுக்கித் தரணும், அதுல பேரமே கூடாது.

லேன் வேணும்ங்கற நம்ம ஆளுங்களுக்கும் இருக்கு. எதிர்த்துப் பேசறவங்க எல்லாரையும் கொலைகாரன் மாதிரி பேசறதை நிறுத்துங்கப்பா. வயசானவங்க நிறைய பேர் காரை நம்பித்தான் வெளிய போறாங்க. அதுவும் இல்லாம, மேப்ல சைக்கிள் லேனைக் காட்டுற பச்சைக் கோடு நீளம் ஏறுதுன்னு சந்தோஷப்பட்டு, சுலபமா கெடைக்கற தெருவுல எல்லாம் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டு, பஸ்ஸும் லாரியும் ஓடற மெயின் ரோட்டுல தடுப்பு வெச்ச லேன் கேக்காம விட்டுடறோம். பத்து வயசுப் பொண்ணு வீட்டுத் தெருவுல நிம்மதியா ஓட்டிட்டு வந்து மெயின் ரோடு முனைல இறங்கி நிக்கணும்னா, இந்த லேனால அவளுக்கு என்ன பிரயோஜனம்? நம்ம தெருவுலருந்து வெளிய தள்ளுன வண்டி அந்த மெயின் ரோட்டுலதான் போய்ச் சேரும், அங்க குடியிருக்கறவங்களும் மனுஷங்கதான், அதனால ரெண்டையும் சேத்துத்தான் கேக்கணும்.

அதிகாரிங்களுக்கு: பக்கத்துல இருக்குற எல்லாத் தெருவையும் சேத்து ஒரே பிளானா கொண்டு வாங்க. ஒரு தெருவை மட்டும் அடைச்சா ஷார்ட்கட் அடுத்த தெருவுக்குப் போகும், அப்புறம் அவங்க உங்களுக்கு மடல் எழுதுவாங்க. முதல்ல செடித்தொட்டிய வெச்சு ஆறு மாசம் பாருங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வண்டி எத்தனை, வேகம் எவ்வளவுன்னு ஸ்கூல் நேரத்துலயும் ராத்திரியும் எண்ணி, நம்பரை அப்படியே வெளியிடுங்க, பிடிச்ச நம்பரை மட்டும் இல்ல. மெயின் ரோட்டுலயும் எண்ணுங்க. எதிர்ப்பு வரும். லண்டன்ல வால்தம் ஃபாரஸ்ட் பகுதில 2015ல இந்த மாதிரி ஒரு தெருவை மாத்தினப்ப ஜனங்க சவப்பெட்டி தூக்கிட்டு ஊர்வலம் வந்தாங்க, தெரு செத்துப் போச்சுன்னு. அந்தத் தெரு நல்லாத்தான் இருக்கு.

அடுத்த கூட்டத்தை வேலை நாள் காலைல பதினோரு மணிக்கு வைக்காதீங்க. அந்த நேரத்துல வர முடிஞ்சவங்க குரல் மட்டும்தான் உங்க ஃபைல்ல ஏறும், சைக்கிள்ல டெலிவரி பண்றவங்களும் ஸ்கூல் பசங்களும் வேலைக்குப் போற அம்மாக்களும் வரவே மாட்டாங்க. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வண்டிங்க ஷார்ட்கட்ல பூர்ற நேரத்துக்கு வைங்க, தெரு ஓரத்துலயே வைங்க. ஸ்பீட் கன் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, நாற்காலி நாங்க போடறோம்.

இப்படிக்கு,
சைக்கிளும் காரும் வெச்சிருக்குற ஒரு தெருவாசி