அம்மம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ

உட்ரெக்ட், நெதர்லாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். குளிர் இன்னும் விட்டபாடில்ல, ஆனா நீங்கள் தந்துவிட்ட மொத்த சுவெட்டர் இல்லாம வெளியில இறங்கிறதே இல்ல, அதால பயப்பிடாதேங்கோ. சாப்பாடும் பரவாயில்ல, கம்பஸ் கன்டீன் வாய்க்குப் பிடிக்காத நாளில ரூமில சோறும் பருப்பும்தான்.

நேற்று டெல்ஃப்டுக்குப் போனனாங்கள். மற்றப் பிள்ளையள் எல்லாம் ஆம்ஸ்டர்டாம் எண்டு நிண்டதுகள், நான்தான் டெல்ஃப்ட் எண்டு ஒற்றைக்காலில நிண்டனான், ஏன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அம்மம்மான்ர யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வச்ச பேர் டெல்ஃப்ட், இண்டைக்கும் மேப்பில அப்பிடித்தான் கிடக்கு, அந்தப் பேருக்குச் சொந்தமான ஊர் ரெயினில ஒரு மணித்தியாலம் சொச்சத்தில இருக்கேக்க பாக்காம வரலாமோ. இனி வாறதை அம்மம்மாவுக்கு ஆறுதலா வாசிச்சுக் காட்டுங்கோ.

ஸ்டேசன் நிலத்துக்குக் கீழ. எஸ்கலேட்டரில ஏறி மேல வந்தா கூரை முழுக்க நீலத்திலயும் வெள்ளையிலயும் 1877ஆம் ஆண்டு டெல்ஃப்டின்ர மேப் வரைஞ்சு கிடக்கு, நான் அண்ணாந்து பாத்துக்கொண்டே நிண்டிட்டன், பின்னால வந்த சனம் விலத்தி விலத்திப் போகுது. வெளியில வந்தா எங்க பாத்தாலும் கால்வாய், தண்ணியில தாமரை இலை மாதிரி ஏதோ மிதக்குது, சின்னச் சின்னப் பாலம், ஒவ்வொரு பாலத்திலயும் சைக்கிள் சாத்திக் கிடக்கு.

நியூவ கெர்க் எண்டு பெரிய சேர்ச், அதின்ர கோபுரம் 108 மீற்றருக்கும் மேல, 376 படி, வளைஞ்சு வளைஞ்சு ஒடுக்கமா போகுது, எதிரில ஆரும் இறங்கி வந்தா சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கோணும். மேல போனா ஒரு பக்கம் ரொட்டர்டாம், மற்றப் பக்கம் டென் ஹாக். சரியான காத்து. இவங்கட அரச குடும்பத்தை அடக்கம் பண்ணிறது இந்தச் சேர்ச்சிலதான், ஸ்பெயினை எதிர்த்து நிண்ட வில்லியம் எண்ட இளவரசரை 1584இல இந்த ஊரில வச்சுத்தான் சுட்டது, அவரும் இங்கதான் இருக்கிறார்.

மத்தியானம் சந்தையில மீன் துண்டு பொரிச்சு வித்தாங்கள், சுடச்சுட வாங்கிச் சாப்பிட்டம். உறைப்பு எண்ட சாமானே இல்ல.

பிறகு பழைய சேர்ச். அதின்ர கோபுரம் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது, கிட்டத்தட்ட 2 மீற்றர் சரிவாம், கீழ நிண்டு பாக்கவே நெஞ்சு பக்கெண்டுது. ஆனா உள்ள போனதும் எனக்கு நாங்கள் ஒழுங்கையால நடந்து போற வுல்ஃபெண்டால் சேர்ச்தான் அம்மா! 1749இல ஒல்லாந்தர் கொழும்பில எங்கட கொட்டாஞ்சேனைப் பக்கம் கட்டத் தொடங்கினாங்களே, அதுக்குள்ள நிலம் முழுக்க கல்லறைக் கல்லு, கல்லில கேடயமும் முடியும் செதுக்கிக் கிடக்கும் எல்லோ, அதே கல்லு, அதே எழுத்து, நடக்க நடக்கச் சப்பாத்துக்குக் கீழ ஆற்றையோ பேர் தட்டுப்படுது. தம்பிட்ட சொல்லுங்கோ, அவன் பயோவில படிக்கிற லேவன்ஹூக், நுண்ணங்கியள முதல் முதல் கண்டவர், அவற்ற கல்லறையும் அங்கதான். ஓவியர் வெர்மீரும் அங்கதான் கிடக்கிறார், ரெண்டு பேரும் 1632இல இந்த ஊரிலயே பிறந்தவை.

நீலப் பீங்கான் செய்யிற ஃபக்டரி ஒண்டு 1653இல இருந்து நடக்குது, அதையும் பாத்தம். ஒரு பெண் மேசையில குனிஞ்சு தட்டுக்குப் பெயின்ட் பண்ணிக்கொண்டு இருந்தவ. முதல்ல ஊசியால குத்தின பேப்பரைத் தட்டில வச்சு கரித்தூள் பொட்டணியால தட்டுறா, பேப்பரை எடுத்தா புள்ளி புள்ளியா பூ வந்து கிடக்கு, பிறகு அந்தப் புள்ளிக்கு மேலால மெல்லிசா பிரஷ் ஓடுது. பெயின்ட் நீலம் இல்ல அம்மா, கறுப்பு! கோபால்ட் கலந்ததாம், சூளையில வெந்தாப் பிறகுதான் நீலமா மாறும். எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமே வரேல்ல.

வெளிக்கிட முதல் கால்வாய்க் கரையில ஒல்லாந்தரின்ர கிழக்கிந்தியக் கொம்பனி வீட்டைத் தேடிப் பிடிச்சன். 1602இல தொடங்கின கொம்பனிக்கு ஆறு ஊரில கிளை இருந்தது, டெல்ஃப்ட் அதில ஒண்டு. 1654இல வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சு இந்த ஊரில பெரிய பகுதி தரைமட்டமாப் போச்சுதாம், அந்தக் காயம் ஆற முதலே, 1656இல, கொழும்பைப் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சிட்டாங்கள், அடுத்த ரெண்டு வருசத்தில யாழ்ப்பாணமும் போச்சு. கறுவாவை வேற ஆரும் விக்கக் கூடாது எண்டு பிடிச்சு வச்சிருந்தாங்கள். எங்கட காட்டில உரிச்ச பட்டை வித்த காசும் இந்தக் கட்டிடங்களுக்குள்ள இருக்குது எண்டு நினைக்க எனக்கு உண்மையா கோவம் வந்தது. ஊர் வடிவுதான், அதை நான் இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா பக்கத்தில நிண்ட பிள்ளையள் போட்டோ எடுக்க எனக்கு எடுக்க மனம் வரேல்ல.

அதில நிண்டு அம்மம்மாவத்தான் நினைச்சன். இங்க தெருவுக்குத் தெரு தண்ணி ஓடுது. அங்க அவ நல்லதண்ணிக் கிணத்துக்குக் குடத்தோட நடந்த கதை. இங்க பத்து நிமிசத்துக்கு ஒரு ரெயின், அங்க குறிகட்டுவான் இறங்குதுறையில போட் வருமோ வராதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிற சனம். ஆனா ஒண்டு, பவளக்கல்லு அடுக்கின வேலியும் கடற்கரையில தன்ர பாட்டில மேயிற குதிரையளும் இந்த டெல்ஃப்டில இல்ல. கூட வந்த பிள்ளையளுக்கு ஃபோனில குதிரைப் படம் காட்டினன், இப்பிடியும் ஒரு டெல்ஃப்ட் இருக்குதோ எண்டு வாயைப் பிளந்ததுகள், திரும்பி வாற வழி முழுக்க நெடுந்தீவுக் கதைதான் கேட்டதுகள்.

அம்மம்மாவுக்கு நீல ஓடு ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன், குதிரை வரைஞ்சது. தபாலில அனுப்பினா உடைஞ்சு போகும், வரேக்க கையோட கொண்டு வாறன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோல் எடுப்பன், அவவைப் பக்கத்தில இருத்தி வையுங்கோ, அந்த ஒல்லாந்தர் கோட்டைக்குள்ள சின்ன வயசில விளையாடின கதையை முழுசாக் கேக்கோணும், இந்த முறை நான் ரெக்கோட் பண்ணப் போறன். அப்பாவை பிரஷர் குளிசையை விடாமப் போடச் சொல்லுங்கோ.

அன்பு மகள்