வெயில் வராத பின்முற்றத்துக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகளுக்கு,

இது என்ன மரம் என்று கேட்டு நீ அனுப்பிய, வன்கூவருக்கு அருகே உள்ள சீமோர் மலைப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்தில் நின்று முழு மரத்தையும் எடுத்தால் பெயர் சொல்வது கடினம், பிள்ளை. நுனிக் குருத்து வளைந்து தொங்குவதால் ஹெம்லொக் என்ற ஊசியிலை மரம் என்று துணிந்து சொல்வேன். ஆனால் வன்கூவர்ப் பக்கத்தில் ஹெம்லொக்கிலேயே இரண்டு இனம் உண்டு.

அடுத்த முறை போனால் ஒரு சிறு கிளையைப் பிடித்துப் பார். தட்டையான ஊசிகள் இரு புறமும் படுத்து, ஒன்று நீளம் ஒன்று குட்டையாக, அடியில் வெள்ளைக் கோடுகளோடு இருந்தால் அது மேற்கத்திய ஹெம்லொக். மலையடிவாரத்தில் மிகுதி அதுதான். ஊசிகள் கிளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரிந்து, மேலும் கீழும் ஒரே நீலப்பச்சையாக இருந்தால் மலை ஹெம்லொக். பனி குவிந்து கிடக்கும் உயரங்களில் நிற்பது இது. மேற்கத்தியதன் கூம்பு, அதாவது விதை தாங்கும் காய், 2 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். மலை ஹெம்லொக்கின் கூம்பு 3 முதல் 8 சென்ரிமீற்றர் வரை வரும். தரையில் முழுக் கூம்பே இல்லாமல் செதில்கள் மட்டும் சிதறியிருந்தால் ஃபிர் மரமாக இருக்கலாம். அதன் கூம்பு கிளைமேல் நிமிர்ந்து நின்று, அங்கேயே உதிர்ந்துவிடும்.

இலங்கைக் காடுகளுக்கென்று சொந்தமாக ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. மலையகத்துப் பைன்கள் எல்லாம் மனிதர் நட்டவை. இத்தனை வருடம் நான் வகுப்பில் ஹெம்லொக்கைப் படிப்பித்தது படத்தை வைத்துத்தான். உனக்கோ மரமே கைக்கெட்டும் தூரத்தில்!

பின்முற்றத்தில் வெயில் வராது, நிழல் தாங்கும் மரம் வேண்டும் என்கிறாய். ஹெம்லொக் நிழலைத் தாங்கும். ஆனால் தாங்கும் என்றால் விரும்பும் என்று எடுத்துக்கொள்ளாதே. காட்டில் பெரிய மரங்களின் கீழே ஹெம்லொக் கன்று பல பத்தாண்டுகள் உயரம் அதிகம் கூடாமல் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த பிறகுதான் எழும்பும். ஆகவே மதிலின் மூலையில் ஒடுக்கி வைக்காதே. நேர் வெயில் இல்லாவிட்டாலும் தலைக்கு மேல் வானம் தெரியட்டும்.

வாங்குவதென்றால் மலை ஹெம்லொக்கையே வாங்கு. மேற்கத்தியது 50 மீற்றரையும் தாண்டும். பிறகு அயல்வீட்டாரோடு வழக்காடத்தான் உனக்கு நேரம் சரியாக இருக்கும். மலை ஹெம்லொக்கும் காட்டில் பெரிய மரந்தான், ஆனால் மிக மெதுவாக வளரும், பெரிய சாடியிலும் பல வருடம் வைத்திருக்கலாம். நாற்றுமேடையில் வாங்கு. சீமோர் மலை ஒரு மாகாணப் பூங்கா. அங்கிருந்து கன்று பிடுங்குவது குற்றம்.

இலையுதிர் காலத்தில் நடு. ஹோர்ட்டன் சமவெளியில் நீ பார்த்த சிவப்பு ரோடோடென்ட்ரனுக்குப் பிடித்த அதே அமில மண்தான் இதற்கும் வேண்டும். சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ போட்டுவிடாதே. வேர் ஆழம் போகாது. அதனால் அடியில் மரப்பட்டைத் தூளைப் பரப்பி, தண்டைத் தொடாமல் விட்டுவிடு. அங்கே மழை ஓயாத ஊர் என்று நம்பி ஏமாறாதே, யூலை, ஓகஸ்டில் மண் காய்ந்துபோகும். முதல் சில கோடைகளில் தண்ணீர் தவறினால் மரம் போய்விடும். விடுமுறைக்கு நீ இங்கே வருவதும் அந்த மாதங்களில்தான், யாரிடமாவது சொல்லி வைத்துவிட்டு வா.

கிளையின் அடிப்பக்கத்தையும் கூம்பையும் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்பு. ஒடியல் மா வந்து சேர்ந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அப்பா