ஆறு கண்ணிகளை மட்டும் அவிழ்த்தால் போதும்

அன்புள்ள செல்விக்கு,

அயர்லாந்தின் கால்வேயிலிருந்து நீ அனுப்பிய, நீ பின்னிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ எழுதியிருந்தது சரிதான். இடப்புறக் கேபிள் (கயிறுபோல் முறுக்கிச் செல்லும் பின்னல் பட்டை) மற்ற முறுக்குகளில் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. துணை ஊசியில் எடுத்த மூன்று கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) முன்னால் நிறுத்த வேண்டிய இடத்தில் பின்னால் நிறுத்திவிட்டாய், வேறொன்றும் இல்லை. இதற்காக முதுகுப் பகுதி முழுவதையும் அவிழ்த்துவிடப் போகிறேன் என்று படித்தபோது, உன்னைவிட அந்தக் கம்பளி நூலை நினைத்துத்தான் எனக்கு மனம் பதறியது.

அரன் தீவுகளில் ஒன்றான இனிஷ்மோரில் நூலோடு உனக்குக் கொடுத்த அட்டையே இந்தக் கலக்கத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் இருந்தது, கடலில் மூழ்கி முகம் சிதைந்து கரை ஒதுங்கியவரை ஸ்வெட்டரின் பின்னலைக் கொண்டே வீட்டார் அடையாளம் கண்டார்கள் என்று அதில் அச்சிட்டிருப்பதால், மாறிப்போன ஒரு முறுக்கு யாருடைய மூதாதையரையோ அவமதித்ததாக உனக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. அதற்கு வித்திட்டது ஒரு நாடகமாக இருக்கலாம். 1904ஆம் ஆண்டு டப்ளினில் மேடையேறிய ஜான் மில்லிங்டன் சிங்கின் நாடகம் ஒன்றில், இறந்த சகோதரனின் காலுறையைப் பார்த்து, அதைப் பின்னிய தங்கை, தான் தவறவிட்ட கண்ணிகளின் எண்ணிக்கையை வைத்து அவனை அடையாளம் காண்கிறாள். அங்கே வருவது காலுறை. குடும்பச் சின்னம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவள் கண்டுகொள்வதே தன் பிழையைத்தான். பின்னர், 1936இல் டப்ளினில் இப்படியொரு வெள்ளை ஸ்வெட்டரைப் பார்த்து வியந்த ஹைன்ஸ் எட்கர் கீவே என்ற ஆக்ஸ்ஃபோர்டு நூல் வியாபாரி, அதன் முறுக்குகளைப் பழைய கிறித்தவ ஓவிய ஏடுகளோடு ஒப்பிட்டு, ஆயிரம் ஆண்டுக் கலை என்று எழுதிப் பரப்பினார்.

நடந்தது அதைவிட எளிமையானது. எனக்கு அதுவே பிடித்தும் இருக்கிறது. பிரிட்டன் கடற்கரைகளில் மீனவர்கள் அணிந்த இறுக்கமான கம்பளிச் சட்டையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரன் தீவுப் பெண்கள் தங்கள் கைக்கு ஏற்ப மாற்றி, சாயமேற்றாத தடித்த நூலில், நெஞ்சு முழுவதும் வைரமும் தேன்கூடும் முறுக்குமாக நிரப்பிப் பின்னத் தொடங்கினார்கள். அது அவர்களுக்கு விற்பனைச் சரக்காகவும் இருந்தது. 1961இல் கிளான்சி சகோதரர்கள் என்ற அயர்லாந்து நாட்டுப்புறப் பாடகர்கள் அதை அணிந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடிய பிறகு அதை வாங்க விரும்புவோர் பெருகினார்கள். ஆகவே யாருடைய குலச் சின்னத்தையும் நீ கெடுக்கவில்லை. உன் கண்ணை உறுத்துவது மட்டும்தான் குறை, அதைச் சரிசெய்ய ஆறு கண்ணிகள் போதும்.

படத்தில் எண்ணினேன்: தவறான முறுக்குக்கு மேல் 11 வரிசைகள் பின்னியிருக்கிறாய். பின்னலின் முன்புறம் (அணியும்போது வெளியே தெரியும் பக்கம்) உன்னைப் பார்த்திருக்க, அந்தக் கேபிள் வரும்வரை வழக்கம்போல் பின்னிக்கொண்டு போய் நிறுத்து. கேபிளின் ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, தவறான முறுக்குக்கு ஒரு வரிசை கீழே வரை மெதுவாகப் பிரி. இருபுறமும் உள்ள பர்ல் (மறுபக்கப் பின்னல்) கண்ணிகள் கரைபோல் நின்று தடுக்கும், மற்றவை பிரியாது. இப்போது ஏணிப் படிகள்போல 12 இழைகள் குறுக்கே தொங்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆறு கண்ணிகளையும் இருமுனை ஊசிகள் இரண்டில் மூன்று மூன்றாக எடுத்து, வலப்பக்க மூன்றை முன்னால் கொண்டுவந்து குறுக்காக மாற்றி, மிகக் கீழே உள்ள இழையை எடுத்து ஆறையும் பின்னு. அடுத்தடுத்த இழைகளை வரிசை தவறாமல் எடுத்துக்கொண்டே மேலேறு. பின்புற வரிசையில் நீ பர்ல் போட்டிருந்தாலும், முன்புறத்திலிருந்து பின்னுவதால் இப்போது எல்லாம் நிட் (நேர்ப் பின்னல்) கண்ணிகளே. எட்டு வரிசைக்கு ஒரு முறுக்கு என்பது உன் கணக்கு. எனவே ஒன்பதாவது இழையில் மறுபடி முறுக்க வேண்டும், அதை மறந்துவிடாதே. முறுக்கு விழும் இழைகள் இறுக்கமாக இருக்கும். நூலைப் பிடித்து இழுக்காமல் ஊசி முனையால் பக்கத்துக் கண்ணிகளிலிருந்து சிறிது தளர்வு வாங்கிக்கொள். மீதியைத் தண்ணீரில் அலசும்போது கம்பளியே சமன்செய்துகொள்ளும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: மாதிரித் துண்டை முறுக்கோடுதானே பின்னி அளந்தாய்? நான் என் முதல் கேபிள் ஸ்வெட்டருக்கு வெறும் நிட் பின்னலில் அளவெடுத்து, நான்கு விரல்கடை குறுகலாகப் பின்னி, கடைசியில் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அப்போது பத்து வயது. ஆறு கண்ணிக் கேபிள் ஏறக்குறைய நான்கு கண்ணிகளின் அகலத்துக்குச் சுருங்கிவிடும் என்பதை அந்த ஸ்வெட்டர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கைப்பகுதி தொடங்குமுன் மீதி உருண்டைகளைச் சன்னல் வெளிச்சத்தில் பக்கம்பக்கமாக வைத்துப் பார். சாயமேற்றாத நூலிலும் வெண்மை உருண்டைக்கு உருண்டை மாறும். மாறியிருந்தால் இரண்டு உருண்டைகளை எடுத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னு.

அன்புடன்,
சித்தி