அந்தப் பிறந்தநாள் போட்டோவைத் தேடு, செல்வி

2023 ஜனவரி

அன்புள்ள செல்விக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை. தெரியும், திட்டாதே. பொங்கல் முடிந்து நாலு நாள் ஆகிறது. நைட் டூட்டி முடித்து வந்து, குளித்துவிட்டு, தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாம். ஆனால் இதைப் பேச ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். நீ உடனே வார்டன் அம்மா குரலில் அதட்டுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும்.

முதலில் வீட்டுச் செய்தி. அவருக்கு சுகர் ஒரு கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாப்பா பிளஸ் டூ. எது வேண்டுமானாலும் படிக்கிறேன், நர்சிங் மட்டும் வேண்டாம் என்கிறாள். உன் மகன் தமிழ் பேசுகிறானா? போன தடவை என்னிடம் 'ஹலோ ஆன்ட்டி'க்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை, அதற்கு நீதான் பொறுப்பு. அப்புறம், பிச்சிப்பூ ஹெட் நர்ஸ் ஆகிவிட்டாள்! கோழிக்குழம்பு விஷயத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம், உன்னிடம் குறிப்பாகச் சொல்லச் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். டிவியில் கொரோனா ஒப்பந்த நர்சுகள் போராட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வார்டிலிருந்து போன பெண் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாளா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது சின்னக் கொழுந்தன் சொன்னான். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஊரே முடங்கிக் கிடந்தப்ப உங்களுக்கு மாசம் தவறாம சம்பளம் வந்துச்சு. அதுக்கு மேல ஊக்கத்தொகையும் வாங்கினீங்க. என் வண்டியை ஃபைனான்ஸ்காரன் இழுத்துட்டுப் போனப்ப எனக்கு யாரு என்ன குடுத்தா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். கேட்டது அவன். 2021 மே மாதம் பஸ் இல்லாதபோது அந்த டூரிஸ்ட் வேனில்தான் தினமும் என்னைக் கொண்டுபோய் விட்டான். டீசலுக்குக்கூட ஒரு பைசா வாங்கவில்லை. நான் இறங்கியதும் சீட்டை டெட்டால் போட்டுத் துடைப்பான். அவன் வீட்டில் அப்போது கைக்குழந்தை. அந்த வேன்தான் அடுத்த வருஷம் போனது. இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சோறு இறங்கவில்லை.

நாலு நாளாக அவனுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவன் கேட்டதில் பாதி நியாயம்தான். அவனுக்கும் கொடுத்திருக்க வேண்டும். வண்டி ஓட்டிப் பிழைத்தவர்களின் கடனை அரசாங்கம் கொஞ்சமாவது சுமந்திருக்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்பதற்காக, எங்களுக்கு வந்தது இனாம் என்று ஆகிவிடுமா? என் சம்பளம் எந்த வேலைக்கு? ஊசி போட, மருந்து கொடுக்க, கேஸ் ஷீட் எழுத, ராத்திரி கண்விழிக்க. இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்கிற ஜாதியில்லை நாம், உனக்கே தெரியும். ஆனால் ஏழு நாள் வார்டு, ஏழு நாள் லாட்ஜில் தனிமை என்று இருந்தபோது, பாப்பா வீட்டு மாடியிலிருந்தும் நான் தெருவிலிருந்தும் கை ஆட்டிக்கொண்டது எந்தச் சம்பளத்தில் சேரும்? உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு கிட் மாட்டினால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. பீரியட்ஸ் நாளிலும் அதேதான். கிளவுஸைக் கழற்றிக் கையைக் கீழே சாய்த்தால் வியர்வை கொட்டும். விரல் நுனியெல்லாம் துவைத்த துணி மாதிரி சுருங்கி வெளுத்திருக்கும்.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த சைமன் ஹெர்குலிஸ் டாக்டரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லால் அடித்து விரட்டினார்களே, அன்று ராத்திரி லாட்ஜில் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்ளவே இல்லை. கூட வேலை பார்த்த பிரதீப் குமார் டாக்டர் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார் என்று மறுநாள் கேள்விப்பட்டோம். அடுத்த மாதமே விமானப்படை ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவியதைக் காட்டினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கல்லடிதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் கொழுந்தனுக்குத் தெரியாது. அதே 2020 ஏப்ரலில் எங்கள் அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள், லீவைக் கொடுத்துக் காசாக வாங்கும் சரண்டரையும் நிறுத்தினார்கள். ஆபீஸ் கிளார்க்குக்கும் அதேதான், கிட்டுக்குள் நின்றவளுக்கும் அதேதான். நிறுத்திய காலத்துக்கு அரியர் கிடையாது. பிறகு 2021 மே மாதம் புது அரசு வந்ததும் ஸ்டாலின் அறிவித்தார்: ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதப் பணிக்கு டாக்டர்களுக்கு 30,000, நர்சுகளுக்கு 20,000, மற்ற பணியாளர்களுக்கு 15,000, பயிற்சி டாக்டர்களுக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் 20,000. இறந்துபோனவர்கள் குடும்பத்துக்கு 25 லட்சம். நான் நன்றியோடுதான் வாங்கினேன். பாப்பா ஸ்கூல் ஃபீஸ் அதில்தான் கட்டினேன். அந்த நேரத்தில் யாரோ நம்மை நினைத்தார்கள் என்பதே பெரிதாக இருந்தது. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒன்றரை வருஷத்துக்கு மேல் உறைந்து கிடந்த படி உயர்வில் ஒரு பகுதிதான் திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் ஸ்காட்லாந்தில் 2020 நவம்பர் கடைசியில் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 500 பவுண்டு ஊக்கத்தொகை அறிவித்தபோது நீ போன் பண்ணியது ஞாபகம் இருக்கிறதா? வரி போடாதே என்று ஸ்காட்லாந்து அரசு கேட்டும் லண்டன் அரசு மசியவில்லை, பிடித்தம் போகத்தான் வந்தது என்று அரைமணி நேரம் புலம்பினாய். அன்று நீ போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் இப்போது திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது. வார்டு துடைக்கிறவருக்கும் உனக்கும் ஒரே தொகை, முதியோர் இல்லத்தில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அதேதான் என்றாய். நான் அப்போது அதைக் காதில்கூட வாங்கவில்லை.

உனக்கு எங்கள் வார்டு அக்காவைத் தெரியும். வீடியோ காலில் உனக்கு வடை காட்டினார்களே, அவர்கள்தான். காண்ட்ராக்ட் ஏஜென்சி ஆள். இரண்டாம் அலையில் ஒரு ஷிஃப்டில் எத்தனை பேரை மூட்டை கட்டினோம் என்று எண்ணுவதையே நிறுத்தியிருந்தோம். துணியில் சுற்றி, கவரில் போட்டு, ஜிப் இழுப்பது அக்காவின் வேலை. ஜிப்பை முகம் வரைக்கும் கொண்டுவந்து ஒரு நிமிஷம் நிறுத்துவார்கள். கிளவுஸ் கையாலேயே நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, "போயிட்டு வா சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் மூடுவார்கள். பெரியவரோ சின்னப் பிள்ளையோ, எல்லாருக்கும் அதே வார்த்தை. மகன் வாசலுக்குக்கூட வர முடியாத நேரத்தில் அந்த ஒரு கைதான் கடைசியாகப் பட்டது. ஆக்சிஜன் பற்றாமல் திணறினவர்களுக்குப் போனைக் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்கள்தான்.

அந்த அக்காவுக்கு 15,000 வரவில்லை, செல்வி. இன்று வரை வரவில்லை.

காரணம் என்ன தெரியுமா? அந்த மூன்று மாதத்துக்கு நடுவில் ஏஜென்சி மாறியிருக்கிறது. பழையவன் தன் லிஸ்டில் இல்லை என்கிறான். புதியவன் ஜூலையில்தான் சேர்ந்ததாகக் காட்டியிருக்கிறான். ஆபீஸில் கேட்டால், ஏஜென்சி கொடுத்த லிஸ்டைத்தான் நாங்கள் அனுப்ப முடியும் என்கிறார்கள். போன வாரம்தான் இதெல்லாம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. இத்தனை நாள் வந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

என்னிடமிருந்து ஒரு ஐயாயிரம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கையை மூடிக்கொண்டார்கள். "வேணாம் சிஸ்டர். நீங்க குடுத்தா அது உங்க காசு. எனக்கு என் காசு வேணும்" என்றார்கள். கோபமே இல்லை. சொல்லிவிட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொழுந்தனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான் என்று தோன்றுகிறது. பூத்தூவினார்கள், கை தட்டினார்கள், உங்கள் ஊரிலும் வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று தட்டினார்கள். அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். மனசார செய்தவர்கள் நிறைய. ஆனால் உழைத்த காசு தயவாக வரக் கூடாது. நீ இங்கே இருந்தாய், இந்த வேலையைச் செய்தாய் என்று பெயரெழுதி வர வேண்டும்.

ஒப்பந்த நர்சுகள் கதையும் இதேதான். 2020-ல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 14,000 சம்பளத்தில் எடுத்தார்கள். கொரோனா வார்டு என்றதும் சீனியர்களே தயங்கிய நேரத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகள். எங்கள் வார்டுக்கு வந்தவளுக்கு முதல் நாள் கிட் மாட்டிவிட்டது நான். டிசம்பர் 31-ஓடு முடிந்தது, நீட்டிப்பு கிடையாது என்று உத்தரவு. மாநிலம் முழுக்க 2,000-க்கும் மேல். மாவட்டத்தில் 18,000 சம்பளத்தில் தற்காலிக வேலை தருகிறோம் என்று அமைச்சர் சொல்கிறார். அது அதிகம்தானே என்று கேட்கிறார்கள். நாலாயிரம் அதிகம்தான். ஆனால் அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் நாளைக்கு முடியலாம். 2015-ல் தேர்வெழுதி 7,700 ரூபாயில் சேர்ந்தவர்களை இரண்டு வருஷத்தில் நிரந்தரம் ஆக்குவோம் என்றார்கள், அவர்களிலேயே இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பெண் எதை நம்புவாள்? கடைசி நாள் நைட் டூட்டியில் சாவியை ஒப்படைத்துவிட்டு, ஆக்சிஜன் ஃப்ளோ மீட்டர் எல்லாம் எண்ணிச் சரிபார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அவளிடம் கேட்டால் போனஸ் வேண்டாம் என்பாள், போஸ்டிங் கொடுங்கள் என்பாள். டாக்டர்களும் அப்படித்தான். தொற்று வருவதற்கு முன்னாலேயே, 2019-ல், அரசு டாக்டர்களின் சம்பளம், பதவி உயர்வு பற்றிய 354-ம் எண் அரசாணைப்படி சம்பளம் கேட்டுத்தான் ஸ்டிரைக் பண்ணினார்கள். இப்போது இங்கிலாந்து நர்சுகள் குளிரில் பதாகையோடு நிற்பதை டிவியில் பார்த்தேன். உங்கள் பக்கம் இன்னும் பேச்சுவார்த்தைதான் என்கிறாய். அங்கேயும் கேட்பது மாதாமாதம் வருகிற சம்பளத்தைத்தானே? இதைச் சொன்னால் உடனே, அப்படியானால் ஊக்கத்தொகை தேவையில்லை என்று ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளும். அதற்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடந்து முடிந்ததற்கு ஒரு கணக்கு உண்டு, அது ஊக்கத்தொகை. இனி நடக்கப்போவதற்கு இன்னொரு கணக்கு, அது நிரந்தர வேலை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொரோனா டூட்டியில் இறந்தால் 50 லட்சம் என்று மத்திய அரசு இன்சூரன்ஸ் வைத்தது நல்ல காரியம், கிராமத்தில் சுகாதார வேலை பார்க்கிற ஆஷா பெண்கள் வரைக்கும் அதில் சேர்த்தார்கள். ஆனால் எங்கள் பழைய ஹெட் சிஸ்டர் பிழைத்துவிட்டார்கள், அதனால் அந்தத் திட்டத்தில் அவர்களுக்கு எதுவும் இல்லை. இன்னும் ஒரு மாடி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது.

அதிகம் எழுதிவிட்டேன். உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

அக்காவுக்காக மனு எழுதுகிறேன். அந்த மூன்று மாதம் அவர்கள் இங்கே வேலை பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். வருகைப் பதிவேடு பழைய ஏஜென்சியோடு போய்விட்டது. நானும் மூன்று சிஸ்டர்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்று சொன்னோம், தேதியோடு ஏதாவது இருந்தால் நல்லது என்கிறார் கிளார்க். நல்ல மனுஷர், உதவத்தான் பார்க்கிறார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2021 மே மாதம் உன் பிறந்தநாளுக்கு நாங்கள் எல்லாரும் டூட்டி ரூமில் நின்று, அட்டையில் வாழ்த்து எழுதிப் பிடித்து, வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினோமே! என் பழைய போன் போய்விட்டது, என்னிடம் இல்லை. நீ எதையும் அழிக்க மாட்டாய், ஹாஸ்டல் மெஸ் பில்லையே இன்னும் வைத்திருப்பவள்.

அதைத் தேடு. எங்களுக்குப் பின்னால் சுவரில் வெள்ளை போர்டு இருக்கும். அன்றைய தேதியும் ஷிஃப்ட் பெயர்களும் என் கையெழுத்தில் இருக்கும். நர்ஸ் பெயர்களுக்குக் கீழே கடைசி வரியில் அக்காவின் முழுப் பெயர் எழுதியிருப்பேன். அக்கா என்று மட்டும் எழுதாமல் பெயரைத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்துச் சொல். வலது ஓரத்தில் பிச்சிப்பூ தலை மறைக்காமல் இருக்க வேண்டும், சாமி.

போட்டோவைச் சுருக்காமல், டாக்குமென்டாக அனுப்பு. திங்கட்கிழமை பகல் டூட்டி, அன்றைக்கே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

உன்,
வசந்தா