‘கூடையில் சேர்’ தெரிகிறதா என்று பார்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பெங்களூருவில் நீயும் உன் நண்பர்களும் நடத்தும் இணையதளக் கண்காணிப்புச் சேவையின் புதிய வசதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மாட்டுங்காவில் நம்மவர்களின் கடைத் தளங்களைக் கவனித்துக்கொள்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பக்கத்தில் குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று சோதிக்கும் வசதிக்கு ஈடாக மற்ற எதையும் வைக்க மாட்டேன்.

போன நவராத்திரி நெருங்கிய சமயம், கொலு பொம்மை விற்கும் கடை ஒன்றின் தளம் காலை முழுவதும் திறந்துகொண்டுதான் இருந்தது. கேட்கும்போதெல்லாம் சர்வர் 200, அதாவது ‘சரி’ என்ற குறியீட்டையே பதிலாகச் சொன்னது. ஆனால் தசாவதார செட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். படம் இல்லை, விலை இல்லை, ‘கூடையில் சேர்’ பொத்தானும் இல்லை. புனேயிலிருந்து ஒரு மாமி போன் செய்து, “பொம்மையெல்லாம் அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டதா?” என்று கடைக்காரரைக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. சர்வர் பதில் தந்ததா என்பதைத்தான் 200 சொல்லும். மாமியால் பொம்மை வாங்க முடிகிறதா என்பது அதற்குத் தெரியாது. இப்போது ‘கூடையில் சேர்’ என்பதையே சோதனைச் சொல்லாகக் கொடுத்துவிட்டேன். இதற்காகவே உன்னை மனதார வாழ்த்துகிறேன்.

ஒன்று மட்டும் கவனி. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடிய பிறகே பொருள்கள் வந்து நிற்கும் தளங்களில், சர்வர் அனுப்பும் மூலப் பக்கத்தில் அந்தச் சொல் இருக்காது. அவற்றுக்கு, பக்கத்தை பிரவுசரில் முழுதாகத் திறந்து பார்க்கும் சோதனை வேண்டும். அடுத்து அதில் கை வை.

ஓரிடத்திலிருந்து தளம் எட்டவில்லை என்றால், வேறு ஊரிலிருந்தும் பார்த்துவிட்டு எச்சரிக்கை அனுப்புவது மிக நல்ல ஏற்பாடு. நடுராத்திரி வீண் அழைப்புகள் அடியோடு நின்றுவிட்டன.

ஆனால் தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழின் காலாவதி நினைவூட்டலைக் கட்டணத் திட்டத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், நினைவூட்டும் மின்னஞ்சல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. 398 நாளாக இருந்த சான்றிதழ்களின் உச்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைக்க, சான்றிதழ் தரும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் முடிவெடுத்திருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் நிரல் என்றைக்காவது நின்றுபோனால், பிரவுசர் “இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல” என்று வாடிக்கையாளரை வாசலிலேயே மறித்துவிடும். பெரிய நிறுவனங்களில் இதைப் பார்க்க ஆள் இருக்கிறது. ஊறுகாய்க் கடைக்கு யார் இருக்கிறார்கள்? இலவசத் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது முதலில் தேவை.

சேவையின் நிலையை அறிவிக்கும் புதிய பக்கத்தையும், சேவை ஓடும் அதே இடத்தில் வைத்துவிடாதே. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை முடங்கியபோது, அதன் நிலைப் பலகையும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால் முதல் இரண்டு மணி நேரம் அதில் உண்மை நிலையைக் காட்ட முடியவில்லை. வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வை. செலவு அதிகம் ஆகாது.

நினைவூட்டல் இலவசமானதும் எனக்கு எழுது. இங்கே மற்ற கடைக்காரர்களையும் உன் சேவையில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா
மாட்டுங்கா, மும்பை